லீவு விட்டால் போதுமா?

2023 ஜூன் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெயில் தாங்க முடியாமல் பள்ளித் திறப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12-லும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-லும் வகுப்புகள் தொடங்கின. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 19, திங்கட்கிழமை காலை சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மழை விடுமுறை. முந்தைய இரவு மீனம்பாக்கத்தில் மட்டும் 15 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. வெயிலுக்கு ஒரு லீவு, ஐந்தே நாளில் மழைக்கு ஒரு லீவு.

காலநிலை மாற்றம் என்றால் துருவக் கரடியும் பனிப்பாறையும்தான் என்று நினைத்த காலம் போய்விட்டது. இன்று அது நம் பிள்ளைகளின் பள்ளி நாள்காட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால், அதற்கு நம் அரசியல் தலைமையிடமும் நிர்வாகத்திடமும் தயாராக இருக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விடுமுறை. உயிரைக் காக்க விடுமுறை தேவை; அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விடுமுறைக்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் முன்வைத்து இதைப் பேசலாம்.

ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழை சுமார் 140 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கிவிட்டது. ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் அடையாறு, வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 14 வரை இப்பகுதியில் பள்ளிகள் நடந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. புத்தகம் இழந்த பிள்ளைகளுக்கு அரசு மறுபடியும் புத்தகம் கொடுத்தது. சான்றிதழ்களை வெள்ளத்தில் விட்டவர்களுக்குத் தனி முகாம் நடத்த வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதே பாடத்தை இன்னொரு முறை நடத்தியது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் என்று வழக்கமான ஊர்கள்தான் மூழ்கின. பள்ளிகள் ஒரு வாரம் மூடப்பட்டன. அரையாண்டுத் தேர்வு மறுபடியும் தள்ளிப்போனது.

இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில், 2019 கோடையில் இதே ஊர் தண்ணீருக்குத் தவித்தது. ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி, தண்ணீர் இல்லாததால் நடுநிலை வகுப்புகளுக்கு இரண்டு நாள் விடுமுறை விட்ட செய்தி நாளிதழ்களில் வந்தது. வேறு சில பள்ளிகள் அரைநாளோடு நிறுத்திக்கொண்டன. கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளை மாலை வரை எப்படி வைத்திருப்பது?

சுமார் எட்டு ஆண்டுகளில் இரண்டு பெருவெள்ளம், ஒரு கடும் வறட்சி. இதன் அறிவியல் சிக்கலானதல்ல. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடித்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டும். வங்கக்கடல் சூடாவதால் புயல்களுக்கும் கூடுதல் வலு கிடைக்கிறது. மழை நாள்கள் கூடாமலே பெருமழை நாள்கள் கூடுவது இதனால்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் வானத்தின் மீது போட்டுவிட முடியாது. பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் சாலை போகிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்குமேல் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,250 ஹெக்டேர். தண்ணீர் நின்ற இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொண்டோம். நம் பள்ளிகளும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு விடுமுறையின் விலை

மழைக்காலம் வந்தால் இரவு பத்து மணிக்குமேல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: “கலெக்டர் லீவு விட்டாச்சா?” பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆட்சியர்களின் சமூக வலைதளப் பக்கங்களில் போய் லீவு கேட்டுக் கெஞ்சும் மாணவர்களைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். அந்த லீவு எல்லா வீட்டுக்கும் ஒரே விலையில் வருவதில்லை.

முதல் விலை சாப்பாடு. 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. மதியம் சத்துணவு முன்பே உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளி மூடினால் ஒரு குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு போகிறது. அதே மழையில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போக முடியாமல் பெற்றோரின் கூலியும் போயிருக்கும். வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகமாக இருக்கும் நாளில்தான் பள்ளியின் அடுப்பும் அணைகிறது.

அறிவிப்பு தாமதமாக வந்தால் நட்டம் இன்னொரு வகை. காலை உணவுக்கான சமையல் விடியும் முன்பே தொடங்கிவிடும். ஆறரை மணிக்கு லீவு என்று தெரியும்போது ரவை உப்புமா பாத்திரத்தில் இருக்கும். சாப்பிட வேண்டிய பிள்ளை வீட்டில் இருக்கும். வேன் ஏறிவிட்ட பிள்ளை பாதி வழியில் திரும்பும். வேலைக்குக் கிளம்பிவிட்ட அம்மா, பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அடுத்த விலை படிப்பு. பெரிய தனியார் பள்ளி பத்து மணிக்கு இணைய வகுப்பைத் தொடங்கிவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவனின் வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இல்லாவிட்டால் மின்சாரம் இல்லாமல் அணைந்து கிடக்கும். ஒரே மழை, ஒரு பிள்ளைக்குப் பாடம் நடக்கிறது, இன்னொரு பிள்ளைக்கு நின்றுபோகிறது.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. விட்டுப்போன நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவது வழக்கம். வருகைப் பதிவேட்டில் கணக்கு நேராகிவிடும். ஆனால், வெள்ளத்தில் வீடு இழந்து, உறவினர் வீட்டில் பத்துப் பேரோடு படுத்து எழுந்து வரும் பிள்ளைக்கு, விட்டுப்போன பின்னப் பாடத்தைச் சனிக்கிழமை வேகவேகமாக நடத்தி முடிப்பது கற்பித்தல் ஆகாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2024-ல் மட்டும் 85 நாடுகளில் 24 கோடிக்கும் கூடுதலான மாணவர்களின் படிப்பு இயற்கைச் சீற்றங்களால் தடைபட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை சுமார் ஐந்தரைக் கோடி. முதன்மைக் காரணம் வெப்ப அலை.

ஷீட் கூரைக்குக் கீழே

வெள்ளத்துக்குப் படம் உண்டு. தொலைக்காட்சியில் படகு வரும், அமைச்சர் முழங்கால் தண்ணீரில் நடப்பார். வெயிலுக்குப் படம் இல்லை. அதனாலேயே அதற்கு அரசியலும் இல்லை.

மார்ச் மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஷீட் போட்ட வகுப்பறை ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். மேலேயிருந்து இறங்கும் சூட்டை மின்விசிறி சுற்றிச் சுற்றி அதே பிள்ளைகள் மேல் தள்ளிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய பெஞ்சில் இருப்பவர்கள் சுவரில் முதுகு படாமல் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நோட்டில் மணிக்கட்டு வைத்த இடம் ஈரமாகி, மை பரவியிருக்கும். மின்சாரம் போனால் ஆசிரியர் கரும்பலகையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போவார். மரமும் இல்லாத பள்ளியில் பாடம் அத்துடன் சரி.

இந்தக் கூரைக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் பலியானார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. சரியான, அவசியமான முடிவு. ஆனால், கீற்று போன இடத்தில் பல பள்ளிகளில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வந்தன. தீயிலிருந்து தப்பிய வகுப்பறை வெயிலில் மாட்டிக்கொண்டது. அன்று யாரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. இன்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

சூடு படிப்பைக் கெடுக்கும் என்பது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிகளில் ஓராண்டின் வெப்பநிலை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது சுமார் அரை செல்சியஸ் டிகிரி கூடினால் அந்த ஆண்டின் கற்றல் ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அங்கேயே அப்படியென்றால், முழுஆண்டுத் தேர்வையே ஏப்ரல் வெயிலில் நடத்தும் நம் நிலை என்ன?

செய்ததும் செய்யாததும்

தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழு 2022-ல் அமைந்தது. அதே ஆண்டு காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கி, ஆட்சியர்கள் மாவட்ட அளவில் அதன் பொறுப்பாளர்கள் ஆனார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. பசுமைப் பள்ளிகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் குளிர்கூரைத் திட்டம் நடக்கிறது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’, கேரளத்தில் 2019-லேயே வந்தது. 2025-ல் இங்கும் வந்தது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏழாயிரம் கோடி ரூபாய்க்குமேல் ஒதுக்கிப் புதிய வகுப்பறைகள் கட்டப்படுகின்றன.

அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அவை பள்ளி வாசலுக்கு வந்து சேர்வதில் இருக்கிறது. தண்ணீர் மணி அடிப்பது எளிது. மணி அடித்ததும் நாற்பது பிள்ளைகள் ஒரு குழாய் முன் நிற்க வேண்டும் என்றால் பாதிப் பேர் குடிக்காமலே திரும்புவார்கள். கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். மணிக்குப் பின்னால் குழாய், குழாய்க்குப் பின்னால் கழிப்பறை, கழிப்பறைக்குப் பின்னால் துப்புரவுப் பணியாளர். இத்தனையும் சேர்ந்தால்தான் அது திட்டம்.

பொறுப்பு பலர் கையில் சிதறிக்கிடப்பது அடுத்த சிக்கல். ஆசிரியர் கல்வித் துறைக்கு, கட்டடம் மாநகராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ, உதவிபெறும் பள்ளி என்றால் நிர்வாகத்துக்கு. பள்ளிக்கு வெளியே ஓடும் மழைநீர் வடிகால் ஒரு துறை. அது போய்ச் சேரும் ஏரி இன்னொரு துறை. நடுவில் குறுக்கிடும் சாலை வேறொரு துறை. வகுப்பறைக்குள் தண்ணீர் வந்தால் தலைமையாசிரியர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? எல்லோருக்கும் எழுதுவார்; எல்லோரும் அடுத்தவருக்கு அனுப்பிவைப்பார்கள்.

எல்லைகளும் இப்படித்தான். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அது செங்கல்பட்டு மாவட்டம். முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். வேளச்சேரியும் மடிப்பாக்கமும் சென்னை மாவட்டம். அடையாறு இந்தக் கோடுகளைப் பார்த்து ஓடுவதில்லை. விடுமுறையோ மாவட்டவாரியாகத்தான் வருகிறது. ஒரு மாவட்டத்தில் வீடு, அடுத்த மாவட்டத்தில் பள்ளி என்று இருக்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஏராளம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, தாம்பரத்து மழைக்காக அங்கும் பள்ளி மூடுவதும் நடக்கும்.

இந்தச் சிதறலைச் சேர்த்துக் கட்டுவதுதான் அரசியல் தலைமையின் வேலை. அதிகாரி தன் துறையின் எல்லைக்குள் நிற்பார், நிற்கத்தான் வேண்டும். துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து, “இந்தப் பள்ளியில் அடுத்த மழைக்குள் தண்ணீர் புகக் கூடாது, யார் என்ன செய்வீர்கள்?” என்று கேட்க மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்குத்தான் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

அரசியல் உறுதி இருந்தால் நாள்காட்டியையே மாற்றலாம் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே கல்வியாண்டின் தொடக்கம் ஜூனிலிருந்து தள்ளிப்போனது. விளைவாக, ஏப்ரல், மே மாத உச்ச வெயிலில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார நேர்ந்தது. 2024 ஏப்ரலில் வெப்பத்தால் ஆயிரக்கணக்கான பள்ளிகள் நேரடி வகுப்பை நிறுத்தின. மக்கள் குரல் எழுப்பினார்கள். அரசு ஓர் ஆண்டின் பள்ளி நாள்களைக் குறுக்கி, 2025 ஜூனிலேயே கல்வியாண்டைப் பழையபடி தொடங்கிவிட்டது.

பக்கத்தில் கேரளத்தில், கோடை விடுமுறையை ஏப்ரல்-மேயிலிருந்து மழை கொட்டும் ஜூன், ஜூலைப் பக்கம் நகர்த்தலாமா என்று கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி 2025-ல் மக்களிடமே கருத்துக் கேட்டார். முடிவு எப்படியும் போகட்டும். கேள்வியைப் பொதுவெளியில் வைத்ததே தலைமைப் பண்பு. நம் சட்டமன்றத்திலோ மாநகராட்சி மன்றத்திலோ பள்ளி நாள்காட்டியைப் பற்றி இப்படி ஒரு விவாதம் நடக்க வேண்டாமா?

பெரும்பாக்கம் சொல்லும் பாடம்

காலநிலையின் பெயரால் எடுக்கும் முடிவே பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்த கதையும் நம்மிடம் உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது அரசு சொன்ன காரணம். கொண்டுபோய் வைத்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மிக்ஜாம் மழையில் அங்கும் தண்ணீர் சூழ்ந்தது.

பல குடும்பங்களின் இடமாற்றம் கல்வியாண்டின் நடுவில் நடந்தது. கூவம் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை அகற்றத் தொடங்கியது 2019 டிசம்பரில். பழைய பள்ளி இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனது. விடியற்காலை பேருந்து ஏறிப் பழைய பள்ளிக்கே போய் வந்த பிள்ளைகள் உண்டு. அது முடியாமல் நடுவிலேயே படிப்பை விட்டவர்களும் உண்டு. நதிக்கரையை மீட்பது நல்ல நோக்கம். ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் அதைச் செய்ததுதான் தவறு.

என்ன செய்யலாம்?

பெரிய பெரிய மாநாடுகள் தேவையில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

ஒன்று, நாள்காட்டி. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு அரையாண்டுத் தேர்வைப் பொங்கலுக்குப் பிறகு நடத்தலாம். 2015-ல் ஜனவரிக்குத் தள்ளினோம், 2023-லும் சில நாள்கள் தள்ளினோம். விதிவிலக்காகச் செய்ததை விதியாக்குவதில் என்ன தடை? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருக்கடி இருப்பதால் அவர்களுக்கு மட்டும் தனி அட்டவணை வைக்கலாம். கூடவே, ஆண்டின் தொடக்கத்திலேயே எட்டு அல்லது பத்து நாள்களை ‘வானிலை நாள்கள்’ என்று ஒதுக்கி, அதற்கேற்பப் பாடத்திட்டத்தைப் பிரித்துக்கொடுத்தால் சனிக்கிழமை ஓட்டம் குறையும்.

இரண்டு, அறிவிப்பு முறை. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை முந்தைய நாளே தருகிறது. இரவு எட்டு மணிக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே முடிவு என்றில்லாமல், வட்டம் அல்லது குறுவட்ட அளவில் முடிவெடுக்கலாம். அடையாற்றுப் படுகைக்குச் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆட்சியர்கள் மூவரும் சேர்ந்து ஒரே எழுத்துபூர்வ வழிமுறையை வெளியிட வேண்டும்.

மூன்று, சாப்பாடு. பள்ளி மூடினாலும் சமையல் நிற்கக் கூடாது. வார்டுக்கு ஒரு மேட்டுநிலப் பள்ளியையாவது உணவு மையமாக அறிவித்து வைக்கலாம். நீண்ட விடுமுறை என்றால் உலர் உணவுப் பொருள்கள் கொடுக்கலாம். கொரோனா காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது.

நான்கு, கூரை. ஷீட் கூரை வகுப்பறைகளைக் கணக்கெடுத்து, மாற்றும் கெடு தேதியோடு பட்டியல் வெளியிட வேண்டும். மாற்றும்வரை வெள்ளைப் பூச்சாவது பூச வேண்டும், அதற்குப் பெருஞ்செலவில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. ஓ.எம்.ஆர். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் வழியாக இதற்குத் திருப்பலாம். புதிதாகக் கட்டும் எந்த வகுப்பறையும் 2015 வெள்ள மட்டத்துக்குமேல் தரை, குளிர்கூரை, எதிரெதிர் ஜன்னல் இல்லாமல் ஒப்புதல் பெறக் கூடாது.

ஐந்து, நிவாரண முகாம். வெள்ளம் வந்தால் முதலில் பள்ளியைத் திறந்து மக்களைத் தங்கவைக்கிறோம். மழை நின்ற பிறகும் வகுப்புகள் தொடங்க முடியாமல் போவதற்கு இதுவும் காரணம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கல்யாண மண்டபங்கள் வரிசையாக இருக்கின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன் படி தேவைப்பட்டால் அவற்றை எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவைத்தால் பள்ளிகள் பள்ளிகளாகவே இருக்கும்.

ஆறு, இடமாற்றம். ஜூன் தொடங்கி ஏப்ரல் வரை, பள்ளிப் பிள்ளைகள் உள்ள எந்தக் குடும்பத்தையும் மறுகுடியமர்வு என்ற பெயரில் நகர்த்தக் கூடாது. உயிராபத்து இருந்தால் தற்காலிகத் தங்குமிடத்தைப் பழைய பள்ளிக்கு அருகிலேயே கொடுக்க வேண்டும்.

ஏழு, பொறுப்பு. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல்: தண்ணீர் புகுமா, கூரை என்ன, குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, பழுது இருந்தால் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் சரியாகும். மேயர் இதை ஆண்டுக்கொரு முறை, பருவமழைக்கு முன், மன்றத்தில் வைக்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 2023-ல் காலநிலைச் செயல்திட்டம் வெளியானது. அதன் எல்லை பல்லாவரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தாம்பரம் தன் திட்டத்தைப் பள்ளிகளிலிருந்தே தொடங்கட்டும்.

கேட்டால்தான் கிடைக்கும்

கும்பகோணத்துக்குப் பிறகு கீற்றுக் கூரைகள் போனதற்குக் காரணம் புதிய தொழில்நுட்பமோ திடீரென்று வந்த பணமோ இல்லை. நாடே கொதித்தது, அரசியல் தலைமை அசைந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தோம். இரண்டு முறையும் பிள்ளைகளின் உயிர் போன பிறகுதான் அரசு விழித்தது. வெயிலும் வெள்ளமும் தினந்தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பைத் தின்பதால் அதற்கு இரங்கல் கூட்டம் நடப்பதில்லை, அரசாணையும் வருவதில்லை.

பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கிப் போங்கள். மேலே சொன்ன ஒரு பக்கப் பட்டியலை நீங்களே தயாரித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு அடுத்த முறை யார் வந்தாலும், எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், “எங்கள் பள்ளிக் கூரையை எப்போது மாற்றுவீர்கள்? மழை நாளில் எங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு எங்கே?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தேதி சொல்லாத பதிலைப் பதிலாக ஏற்காதீர்கள்.